குளிர்காலத்தில் இல்லாத வேலி

பூச்செடி ஒன்றை வறை செய்து சாப்பிட்ட மனிதன் நான். பசிக் கொடுமையால் அல்ல, படிப்பின் கொடுமையால். தோட்டக்கலை பற்றி நான் வாசித்த புத்தகங்கள், என் தோட்டத்தில் உயிரோடிருக்கும் செடிகளைவிட எப்போதுமே அதிகம். அப்படிப்பட்ட நான் லண்டன் மனோர் பார்க்கில் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் சித்திரையில், பக்கத்து வீட்டுக்காரர் பக்கவேலிக்கு மேலால் ஈரப் பேப்பரில் சுற்றி ஒரு கட்டு இலையை நீட்டினார். வேரோடு இருந்தது. எங்கள் ஆட்கள் வேலிக்கு மேலால் இலை தந்தால் அது கறிக்குத்தான். வேரை வெட்டி எறிந்தேன். இலையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு வறுத்தேன். கொஞ்சம் கசந்தது, நாக்கில் சொரசொரத்தது. “இரும்புச்சத்து அப்படித்தான் இருக்கும்” என்று மனைவிக்கு விளக்கமும் சொன்னேன்.

மறுநாள் அவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டினார்.

“தம்பி, எங்க நட்டனீர்?”

நான் வாயைத் திறக்க முன்னமே என் மனைவி, “வயித்துக்குள்ள, அண்ணை” என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அது வேலி, தம்பி. வேலியை ஆரும் தின்னுவினமே?”

அவரை நான் அறிந்த விதம் இப்படித் தொடங்கியது. ஆறடிக்குக் குறையாத உயரம், எழுபதை ஒட்டிய வயது, ட்ராக் சூட்டுக்கு மேல் சாரம், அதற்கு மேல் கம்பளித் தொப்பி. பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்து ஓய்வு பெற்றவர். ஆனால் இந்த விவரம் எதுவும் அவரைச் சொல்லாது. அவரைச் சொல்வது ஒன்றுதான்: வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டால், பிறகு அவர் அந்தச் சொல்லின் வேலைக்காரர்.

ஒருமுறை எங்களை விமான நிலையத்துக்குத் தன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தார். “விடிய அஞ்சு மணிக்கு வருவன்.” அன்று பார்த்துப் பனி கொட்டியது. ஐந்து மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. தொப்பியிலும் மீசையிலும் பனியோடு நின்றார்.

“கார் வராது. நான் வந்திட்டன்.”

பக்கத்து வீட்டிலிருந்து வருவதற்கு இவ்வளவு பனி எப்படி என்று கேட்டேன். காரைக் கிளப்பப் பார்த்துத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். பிறகு எங்களுடைய பெரிய சூட்கேஸைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லையே, சொன்னவர் அவர்தானே.

கோயில் விஷயமும் அப்படித்தான். செருப்பு வைக்கும் தட்டில் தன்னுடைய இடத்தில் வேறு யாரோ செருப்பு வைத்ததற்காக, “இனி இந்தப் படி ஏறமாட்டன்” என்று சொல்லியிருக்கிறார். செருப்பு வைத்தவர் கூட அடுத்த வெள்ளி மறந்திருப்பார். இவர் அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் எதிர்ப்பக்க நடைபாதையில் குடை பிடித்துக்கொண்டு நின்று கும்பிட்டார். பஸ் வந்து மறைத்தால் அது போகும்வரை காத்திருந்து விட்ட இடத்திலிருந்து தேவாரத்தைத் தொடர்வார். தேர்த் திருவிழா அன்று மட்டும் முகம் மலர்ந்திருக்கும்.

“முருகன் வெளியால வாறார். நான் ஏன் ஏறவேணும்?”

இதையெல்லாம் நான் பத்திரிகையில் எழுதிச் சிரிப்பு வாங்கினேன். பெயர் போடவில்லை, இப்போதும் போடப்போவதில்லை. ஆனால் முதல் குளிர்காலத்தில் அவர் தோட்டத்தில் கண்ட காட்சிக்குப் பிறகு எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

குசினியில் கோப்பை கழுவியபடி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பின்கதவைத் திறந்து, திரும்பி, வீட்டைப் பார்த்தபடி பின்புறமாக நடந்து தோட்டத்துக்குள் போனார். கையில் உரப்பை. புல்தரையைக் கடந்து, காலால் தடவித் தடவி, பின்வேலியோரம் வரை பின்புறமாகவே போய், வேலிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து உரத்தைக் கொட்டினார். திரும்பி வருகையில் சாதாரணமாக நடந்து வந்தார். முழங்காலுக்கு நல்லதென்று யாரோ வீடியோவில் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டு கிழமை கழித்து ஈரப் புல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு மறுநாளும் பின்புறமாகத்தான் போனார்.

அவர் மனைவிதான் என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். பின்வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டை வாங்கியிருப்பது இவருடைய அண்ணனின் மகன். அண்ணன் ஜெர்மனியில் நீண்டகாலம் இருந்துவிட்டு இப்போது மகனோடு இருக்க வந்திருக்கிறார். அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை.

“என்னத்துக்கு, அன்ரி?”

“எங்கட கலியாணத்திலை, பந்தியிலை இவற்ர அண்ணனுக்கு முதல் என்ர பெரியப்பாவுக்கு இலை போட்டுட்டினமாம். பாதிச் சாப்பாட்டிலை எழும்பிப் போயிட்டார். எல்லாச் சனத்துக்கும் முன்னால இந்த மனிசன் சொல்லிச்சுது, ‘நான் உயிரோட இருக்குமட்டும் உன்ர முகத்தைப் பாக்கமாட்டன்’ எண்டு. கலியாணப் பொம்பிளை நான். நானே மறந்துபோனன், பிள்ளை.”

அண்ணனும் ஆறடிக்காரர். பின்வீட்டு நிலமோ எங்கள் நிலத்தைவிட ஒரு முழம் உயரம். ஆகவே, அந்தப் பெரியவர் காற்று வாங்கத் தோட்டத்தில் நின்றால் அவருடைய முகம் வேலிக்கு மேல், தட்டில் வைத்தது போலத் தெரியும். வேலியை உயர்த்தலாமென்றால், ஓர் அளவுக்கு மேல் கவுன்சில் விடாது. செடிக்கு அளவில்லை. ரொறொன்ரோவிலிருக்கும் மைத்துனிக்கு என் பக்கத்து வீட்டுக்காரர் போன் எடுத்து, “கனடாவிலை ஆளை மறைக்கிற செடி ஏதும் இருக்கோ?” என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா லண்டனுக்கு வந்தபோது அவருடைய கைப்பைக்குள் ஒரு பிடி விதை வந்தது.

வட அமெரிக்கப் புல்வெளிகளில் தானாக வளரும் செடி. கப் பிளான்ட் என்கிறார்கள். தண்டு சதுரம். எதிரெதிராக வரும் இரண்டு இலைகளின் அடியும் தண்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டு ஒரு கிண்ணமாகிவிடும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். விதைக்குக் குளிர் காட்டாவிட்டால் முளைக்காதாம். அதனால் ஈரத்துணியில் சுற்றி, மாஜரின் டப்பாவில் போட்டு, தோசை மாவுக்குப் பக்கத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தது. முளைத்த வருடம் தரையோடு சில இலைகள் மட்டும். அதில் மிஞ்சியதைத்தான் எனக்குத் தந்தார், என் பக்கத்து மூலைக்கும் மறைப்பு வேண்டும் என்பதற்காக. அந்த மறைப்பைத்தான் நான் தின்றேன்.

“ஏன் அண்ணை, வருசம் முழுக்க இலை நிக்கிற மரம் ஏதும் வைச்சிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“வைச்சால் வெளிச்சம் மறைக்குதெண்டு அங்காலயிருந்து முறைப்பாடு வரும். முறைப்பாடு வந்தால் முகத்துக்கு முகம் நிண்டு கதைக்கவேணும்.”

இவ்வளவு தூரம் யோசிக்கிறவர் ஏன் சமாதானமாகப் போவதைப் பற்றி யோசிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவர் யோசித்தது முழுவதும் சொன்ன சொல்லுக்கு உள்ளேதான்.

இரண்டாம் வருடம் செடி எழும்பியது. வைகாசியில் இடுப்பு, ஆனியில் தோள், ஆடி பிறக்கும்போது அவருடைய தொப்பிக்கு மேல். பின்வேலி நீளத்துக்கும் பச்சைச் சுவர். உச்சியில் சின்னச் சூரியகாந்தி போல மஞ்சள் பூக்கள். அவர் முதல்முறையாக முன்பக்கமாக நடந்து தோட்டத்துக்குள் போனதைப் பார்த்தேன். கதிரையைக் கொண்டுபோய்ச் செடிக்கு அருகில் போட்டு, தேத்தண்ணியோடு உட்கார்ந்தார்.

அன்று செடிக்கு அப்பால் யாரோ இருமினார்கள்.

“உது என்ன மரம்?”

இவர் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார்.

“கேட்டால் சொல்ல ஏலாதோ? அந்தப் பக்கம் ஒருத்தருக்கும் வாய் இல்லையோ?”

அவர் என்னைப் பார்த்தார். நான் என்னுடைய தோட்டத்தில் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, அங்கால ஆரோ கேக்கினம். மரமில்லை, செடி எண்டு சொல்லும்.”

இரண்டு பேருக்கும் இடையில் நான்கு அடி இருக்காது. நான் சத்தமாக, “செடியாம்” என்றேன்.

“செடிக்கு இவ்வளவு உயரமோ? பெண்சாதி வீட்டுச் சீதனமோ எண்டு கேளும்.”

“ஓம், சீதனந்தான். பந்தியிலை பாதியிலை எழும்பிப் போற ஆக்களுக்கு அதின்ர அருமை விளங்காது எண்டு சொல்லும், தம்பி.”

நான் இதை எப்படிச் சொல்வது என்று வாளியோடு நின்றபோது, இலைகளுக்கு அப்பால் இருமலும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது. இவருடைய மீசையும் அசைந்தது.

ஒரு கிழமையில் எனக்கு அந்த வேலை பறிபோனது. அவர்கள் நேரடியாகவே கதைத்தார்கள். உறவுமுறை சொல்லிக் கூப்பிடவில்லை. “அங்கால”, “இஞ்சால” இரண்டும்தான் பெயர்கள். சீனி வருத்தம், முழங்கால், ஜெர்மன் பேக்கரிப் பாணுக்கும் இங்கத்தைப் பாணுக்கும் உள்ள வித்தியாசம். ஒருநாள் சிறு குருவி ஒன்று இலைக் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்க வந்தது.

“உந்தப் பக்கம் தெரியுதோ?” இது பெரியவர்.

“தெரியுது. வாலை ஆட்டுது.”

“இஞ்ச தலை.”

“சத்தம் போடாதை, பறந்திடும்.”

இரண்டு கிழவர்களும் ஒரே குருவியின் ஒவ்வொரு பாதியைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருந்தார்கள்.

கார்த்திகையில் செடி கறுத்து விழுந்தது. அவர் திரும்பவும் பின்புறமாக நடக்கத் தொடங்கினார். ஆறு மாதம் பேச்சில்லை.

“போனில கதைக்கலாமே, அண்ணை?”

“போனெண்டால் ஆரெண்டாலும் முதல் எடுக்க வேணும், தம்பி.”

தோட்டத்தில் யாரும் முதலில் எடுக்கத் தேவையில்லை. காற்று வாங்க வந்த இடத்தில் காதில் விழுந்தது, அவ்வளவுதான். இப்படி மூன்று கோடை போனது.

மூன்றாவது கோடையின் முடிவில் செடிக்கு அந்தப் பக்கத்து இருமல் மாறிவிட்டது. நெஞ்சின் அடியிலிருந்து வரும் இருமல். புரட்டாதியில் இலைகள் பழுக்கத் தொடங்கியபோது அவர் மூங்கில் தடிகளை நட்டுத் தண்டுகளைக் கட்டினார். பிறகு பனிக்குப் போர்த்தும் வெள்ளைத் துணியால் செடியைச் சுற்றினார். செடிக்குக் குளிர் காலத்தில் சாகத்தான் தெரியும். துணிக்குள்ளேயே கறுத்தது. வெறும் தண்டுகளை வெட்டாமல் விட்டுவைத்தார். அவற்றுக்கு இடையால் பின்வீடு முழுதும் தெரிந்தது. ஆனால் பெரியவர் தோட்டத்துக்கு வரவில்லை. அவருடைய கட்டிலைக் கீழே கொண்டுவந்து, தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோரம் போட்டிருந்தார்கள்.

பெரியவர் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். பெரிய உடம்பு கட்டிலில் சுருங்கிக் கிடந்தது. முகத்தை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தம்பியின் முகம்தான், அதே மூக்கு. தம்பிக்குத் தன் கண்ணாடியில் தினமும் இந்த முகம் தெரிந்திருக்கும்.

“நீர்தானே அந்தச் செடியைத் தின்னது?” என்றார். செய்தி வேலி தாண்டியிருந்தது.

“ஓம், ஐயா.”

“என்ன ருசி?”

“கசப்பு.”

“அது அவன்ர கை.” சிரிக்கப் போய் மூச்சு வாங்கினார். “இந்த வீட்டை மகன் தற்செயலா வாங்கினவன் எண்டோ நினைக்கிறீர்? நான்தான் நிண்டு வாங்குவிச்சது. முகத்தைப் பாக்கமாட்டன் எண்டவன். சரி, முதுகையாவது பாப்பம் எண்டு. மாரியில நல்லாத் தெரியும். பின்பக்கமா வருவான், விசரன். விழுந்துபோடுவான் எண்டு நெஞ்சு இடிக்கும். அண்டைக்கு விழுந்தவன். நான் எழும்பி ஓடிப்போய் வேலியடியில நிண்டன். கூப்பிட ஏலேல்லை.”

ஜன்னல் பக்கம் விரலைக் காட்டினார்.

“ஒருக்கா வந்து கதைக்கச் சொல்லும். முகம் பாக்கத் தேவையில்லை.”

நான் வந்து தம்பிக்காரரிடம் சொன்னேன். அவர் கொட்டகையில் தடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஜன்னலுக்கு வெளியால நிண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கதையுங்கோவன், அண்ணை” என்றேன்.

“வருத்தக்காரனுக்கு முதுகைக் காட்டிக் கதைக்கிறதோ? அண்ணன்காரன், தம்பி.” அந்தச் சொல்லை அவர் வாயால் நான் முதல்முறை கேட்டேன். “செடி வரட்டும். ஆனியில வருவன் எண்டு சொல்லும்.”

பெரியவரிடம் போய்ச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“சொன்னால் வருவான். நான் ஆனி வரைக்கும் நிண்டு பாக்கிறன்.”

அந்தக் குளிர்காலத்தில் நான் பார்த்ததை எழுதுவது எனக்கு இலகுவாக இல்லை. அவர் செடியை அவசரப்படுத்தத் தொடங்கினார். மண்ணுக்கு மேல் வைக்கோல் பரப்பினார். அதற்கு மேல் கறுப்பு வாளிகளைக் கவிழ்த்து வைத்தார், வெள்ளைக்காரர்கள் சில தண்டுக்கீரைகளை முந்தி வரப்பண்ணுவது போல. எல்லாம் பின்புறமாக நடந்து போய், முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிச் செய்த வேலை. மாசியில் முளை வந்துவிட்டது. வெளிறிய, விரல் நீள முளை. சந்தோஷத்தில் வாளியைத் தூக்கிவிட்டார். மூன்றாம் நாள் பனி கொட்டிக் கருக்கியது. மிஞ்சியதை நத்தை தின்றது. திரும்பவும் வாளியைக் கவிழ்த்தார்.

“இஞ்சேருங்கோ, விடுங்கோவன். போய் ஒருக்காப் பாத்திட்டு வந்தால் என்ன குடி முழுகிடுமே?” என்று அவர் மனைவி குசினி வாசலில் நின்று அழுதார்.

“சொன்னது ஆர்? நீயோ, நானோ?”

பங்குனியில் பெரியவர் காலமானார். முளை அப்போது ஒரு சாண்.

செய்தியை அவருக்குச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். வாளிகளுக்குப் பக்கத்தில் நின்றார். பெரியவர் ஜன்னலோரம் கிடந்து சொன்ன முதுகுக் கதையை முழுதாகச் சொன்னேன். வீட்டை வேண்டுமென்றே வாங்கியதையும், இவர் விழுந்த அன்று வேலியடியில் வந்து நின்றதையும். கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே போய்விட்டார்.

செத்தவீடு ஒரு மண்டபத்தில். பெட்டியை முன்னால் திறந்து வைத்திருந்தார்கள். தேவாரம் படித்து முடியுமுன்னே வாய்க்கரிசி போட்டு முகம் பார்க்கும் வரிசை நீண்டுவிட்டது. அவர் வருவாரா என்பதுதான் எல்லோருடைய பேச்சும். வந்தார். வாசலில் நின்று, திரும்பினார். மனைவி முழங்கையைப் பிடித்துக்கொள்ள, பின்புறமாக நடக்கத் தொடங்கினார்.

கம்பளத்தின் நடுவால், எங்களைப் பார்த்தபடி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனார். தேவாரம் படித்தவருக்கு ஒரு வரி தப்பியது. ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் என் காதில், “உது எந்த ஊர் முறை?” என்றார்.

பெட்டியில் முதுகு முட்டியதும் நின்றார். அசையாமல் நின்றார். வரிசை காத்திருந்தது. யாருக்கோ நன்றாகப் பார்க்க நேரம் கொடுப்பது போல அப்படியே நின்றார். பிறகு வலது கையைப் பின்னால் கொண்டுபோனார். உரத்தையும் வாளியையும் தடவிப் பழகிய கை. நாடியைத் தொட்டது, கன்னத்தைத் தொட்டது, அந்த மூக்கின் மேல் ஏறி இறங்கி நெற்றியில் நின்றது. அதை எடுத்தபோது விரல்களில் திருநீறு இருந்தது. அதைத் தன் நெற்றியில் பூசிக்கொண்டார். அவ்வளவு நேரமும் அவருடைய கண்கள் திறந்திருந்தன. தம்பியின் முகத்தை அண்ணன் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

ஆனியில் செடி தோளுக்கு வந்தது. வருவேன் என்று சொல்லியிருந்தாரல்லவா, அதனால் கதிரையைக் கொண்டுபோய்ப் பச்சைச் சுவரின் அருகே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தேத்தண்ணி ஆறியது. யாரும் இருமவில்லை. ஒரு பின்னேரம் முழுக்க இருந்துவிட்டு எழும்பி வந்தார். அடுத்த வருடம் ரெய்னர்ஸ் லேனில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். செடி போகவில்லை. அதன் வேர் ஆழம், கிளப்ப ஏலாது.

அன்று அவர் அப்படி உட்கார்ந்திருந்ததை நானும் மனைவியும் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். மனிதனின் வாக்கு, பிடிவாதம், அன்பு என்று ஏதோ பெரிதாக எழுதலாம் என்று மனதில் வசனங்கள் ஓடின. மனைவி கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

“இஞ்சேருங்கோ, இவர் கண்ணை மூடிக்கொண்டு கதைச்சிருக்கலாமே. செடியும் தேவையில்லை, ஒண்டும் தேவையில்லை.”